காலி என்று நினைத்த இடம்

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய் அருகே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், காலை பத்து மணிக்கு ஒலிபெருக்கி தானாகப் பேசியது. "லோகேஸ்வரி, பாய்லர் பக்கம் வாம்மா."

அது ஆலையின் மேற்பார்வையாளராக, மண்டோராக, இருந்த சன்னாசியின் குரல். அவர் இறந்து எட்டு மாதமாகிறது.

மகள் லோகேஸ்வரி கையுறையைக் கழற்றினாள். "நேத்து ஒண்ணு, இன்னிக்கு ரெண்டு. செத்தவங்க மூணாவது தடவ கூப்பிட்டா போயிரணும் லா."

"இது போர்டோட கோளாறுதான்க்கா," என்றாள், முந்தாநாள் ஒலிபெருக்கிக்குப் புதிய கணினி போர்டைப் பொருத்திய அபிகெயில்.

"போர்டுக்கு எப்படிடி என் பேரு தெரியும்?"

அபிகெயில் போர்டில் இருந்ததைத் தேடிப் பார்த்தாள். சன்னாசி மகளைக் கூப்பிட்டது உட்பட, அவர் குரலில் பதிவான பழைய அறிவிப்புகள் போர்டில் இருந்தன. ஆனால் தினமும் பத்து மணிக்கு அவற்றை நகலெடுக்கும் நிரல்தான் ஓடியது, யாரும் ஒலிக்கவிடவில்லை.

மாலையில் அவள் நினைவக முகவரிகளை ஒப்பிட்டாள். இதற்கு முன்பு இருந்த இன்டெல் கணினியில், நினைவகத்தில் தொடக்கூடாத பகுதிகளின் பட்டியலைக் கணினியே இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குக் கொடுத்துவிடும். ஆர்ம் வகைச் சில்லுள்ள இந்தப் போர்டில் அதை அவள்தான் எழுத வேண்டும். ஒலிச் சில்லு படிக்கும் பகுதி அதில் விடுபட்டிருந்தது. அந்த இடம் காலி என்று நினைத்த கெர்னல், நகலெடுக்கும் குரலை அங்கே வைத்தது. சில்லு அதை ஒலித்தது.

மறுநாள் பத்து மணிக்கு லோகேஸ்வரி ஒலிபெருக்கியின் கீழேயே நின்றாள். நகலெடுப்பு ஓடி முடிந்தது; குரல் வரவில்லை. அபிகெயில் செய்தது இவ்வளவுதான்: அந்தப் பகுதியைப் பட்டியலில் ஒதுக்கப்பட்டது என்று எழுதி, போர்டை மறுபடி இயக்கினாள்.