மறைத்து வைத்த தூண்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தம்பெரே நகரில், எங்கள் கட்டட வரைபட அலுவலகத்தில், சிர்க்காவின் மேசை ஆகஸ்டிலிருந்து காலியாகக் கிடக்கிறது. பக்கத்து மேசை என்னுடையது.

2

முதல் தொடக்கம்: ஜூன் மாத வெயிலில் ஏரி மினுமினுத்துக்கொண்டு

சே, வேண்டாம். ஒரு மனிதன் செத்திருக்கிறான், ஏரிக்கு இங்கே என்ன வேலை?

இரண்டாவது தொடக்கம்: பழைய கிடங்கு ஒன்றை நூலகமாக மாற்றும் வேலை. சுவரில் புத்தகம் வைக்க மாடக்குழிகள் வேண்டும். சிர்க்கா கணினியில் சுவருக்குள் ஒரு தூணை நிறுத்துவாள். அந்த அளவுக்குச் சுவரைக் குடையும்படி மென்பொருளுக்குக் கட்டளை கொடுப்பாள். பிறகு தூணை மட்டும் கண்ணுக்குத் தெரியாத அடுக்கில் தள்ளி மறைத்துவிடுவாள். தூண் மறையும், குழி நிற்கும். இப்படிப் பன்னிரண்டு குழிகள், பன்னிரண்டு பொய்த்தூண்கள். (குறிப்பு: நாங்கள் எல்லோருமே இப்படித்தான் செய்கிறோம்.)

அதே சுவரில், அதே மாதிரிக் குடைந்த இடத்தில், மேல்தளத்தைத் தாங்கும் நிஜத் தூண் ஒன்றும் இருந்தது.

3

நடுக்கோடைத் திருநாளுக்கு முந்தைய நாள். மத்தியானத்துக்கு மேல் இந்த நாட்டில் எவன் வேலை பார்க்கிறான்? சரிபார்க்க வேண்டிய பொறியாளரும் கோடைக் குடிலுக்குக் கிளம்பியிருந்தார். நிஜத் தூணும் பொய்த்தூண்களோடு சேர்ந்து மறைந்து போய்விட்டது. வரைபடத்தில் அந்த இடத்தில் பதின்மூன்றாவது குழி தெரிந்தது. அப்படியே கட்டட வேலைக்கு அனுப்பியாயிற்று.

(‘போய்விட்டது’ என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? தூண் என்ன, தானாக நடந்தா போகும்?)

4

கொத்தனார் தௌனோவுக்குச் சந்தேகம் வந்ததாம். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, மேற்பார்வையாளர் ரைமோவிடம் போய்க் கேட்டிருக்கிறார். ரைமோவே இதை விசாரணையில் சொல்லி அழுதார்.

“படத்துல குழின்னுதான் போட்டிருக்கு. ஒடச்சுட்டு வா தௌனோ, காப்பி ஆறுது,” என்றாராம்.

தௌனோ உடைத்தார். மேல்தளம் அவர்மேல் இறங்கியது.

5

சிர்க்கா தான்தான் அதைச் செய்ததாக நம்புகிறாள். வேலையை விட்டுவிட்டாள். நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். ஏலக்காய் ரொட்டி எடுத்து வைத்தாள், இருவருமே தொடவில்லை.

“அன்னிக்குக் காலைலேர்ந்து செஞ்சத ஒண்ணொண்ணா நெனச்சுப் பாத்துட்டேன். அந்தத் தூண எப்ப மறைச்சேன்னு மட்டும் ஞாபகமே வரமாட்டேங்குது. எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்கு.”

“விடு சிர்க்கா,” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், பாவி.

6

மூன்று முடிவுகள் எழுதி அடித்துவிட்டேன். ஒன்றில் அவளுக்கு ஞாபகம் வருகிறது. இன்னொன்றில் பழியை மென்பொருளின் தலையில் கட்டிவிடுகிறார்கள். மூன்றாவதில் அவள் ஏரிக்கரைக்குத் தனியாக

இல்லை. அதை எழுத மாட்டேன்.

அவளுக்கு ஞாபகம் வரவே வராது. அன்று பன்னிரண்டு மணிக்கே அவள் ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள். “நீ அனுப்பிடு, நான் வரேன்,” என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள். கணினி அவள் பெயரில் திறந்திருந்தது. ஒரு பொய்த்தூண் மறையாமல் துருத்திக்கொண்டிருந்தது. எனக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். அந்தச் சுவரின் தூண்களை மொத்தமாகப் பிடித்து மறைத்தேன். அனுப்பியது மட்டும்தான் நான் என்று விசாரணையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நாளை காலை பத்து மணிக்கு என்னை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தக் கதையின் கடைசி வாக்கியத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் அதிலும் ‘போய்விட்டது’ என்றுதான் வரும்.