பொழி திறந்திருக்கும் நாட்கள்

1999 ஜூன் 14, திங்கட்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். முந்தின நாள் பிடித்த இடவப்பாதிப் பருவமழை இன்னும் விடவில்லை. தம்பானூரில் ஒரு கல்வி அலுவலகத்தின் மாடியில், சொட்டும் குடைகளோடு நானும் லீலாபாயும் நின்றிருந்தோம். நான் பொழித்துறைத் தமிழ்த் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியன், பெயர் நீலகண்டன், வீடு வலியசாலையில். லீலாபாய் பொழித்துறைக் கடற்கரையில் மீன் ஏலம் விடுபவர், பெற்றோர் சங்கத் தலைவி. அவருடைய மகள் ஜிஷா என் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள்.

எங்கள் எதிரே அமர்ந்திருந்த அதிகாரி கோலப்பன் அந்தப் பள்ளியை மூட முடிவு செய்திருந்தார். நடந்து செல்லத்தக்க தொலைவில் வேறொரு பள்ளி இருந்தால் சிறிய பள்ளியை அதனோடு இணைக்கலாம் என்பது விதி. கீழ்த்துறைப் பள்ளி அரைக் கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. இடையில் ஆற்றின் முகத்துவாரமும் இருக்கிறது.

பொழித்துறையின் நில அமைப்பை விளக்குவது எளிது. ஏற்கச் செய்வதுதான் கடினம். மேற்கே கடல். கிழக்கே ஆறு. வடக்கே ஆற்றின் பழைய கிளையும் சதுப்பும். தெற்கே, ஆறு கடலில் கலக்குமிடத்தில், பொழி. கோடையில் ஆறு மெலிந்ததும் அலைகள் மணலைக் குவித்து அந்த வாயை அடைத்துவிடும்; மக்கள் மணல்மேல் நடந்தே கீழ்த்துறைக்குப் போவார்கள். மழையில் ஆறு பெருகி மணலை உடைத்துக்கொண்டு பாயும். அப்போது வள்ளம் ஒன்றே வழி. ஆக, ஆண்டில் ஏறக்குறையப் பாதி அது தீவு, மீதி கரை.

வரலாறும் அதையே சொல்கிறது. மன்னர் காலத்தில் அங்கே ஓர் உப்புப் பண்டகசாலை இருந்தது. தண்ணீர் சூழ்ந்த இடத்தில் திருட்டு நடக்காது என்று கருதி அதைக் கட்டினார்கள்; கோடை முழுவதும் திருட்டு நடந்தது. ஆகவே காவலர்களைக் குடியேற்றினார்கள். பிறகு உப்பு போயிற்று, காவலர்கள் போகவில்லை. தேவாலயமும் கடைத்தெருவும் வந்தன. அண்மையில், கடற்கரையை நாடி வரும் வெள்ளைக்காரர்களுக்காக இரண்டு விடுதிகளும் வந்திருக்கின்றன.

இதை மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தேன். முதலாவது நீளம் என்று திரும்பியது. இரண்டாவதில் வரலாறு இல்லை என்றார்கள். மூன்றாவது கோலப்பனின் மேசைமேல் தேநீர்க் குவளையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

“பெப்ருவரியிலே நான் நேரிட்டு வந்து பாத்தாச்சு சாரே,” என்றார் கோலப்பன். “செருப்பு நனையாம நடந்து வந்தேன். பின்னே என்ன தீவு?”

“இப்போ வந்து பாருங்கோ,” என்றேன்.

“மழையத்துப் பரிசோதனைக்குப் போகக்கூடாதுண்ணு சர்க்குலர் உண்டு.” லீலாபாயிடம் திரும்பினார். “நீங்க இண்ணைக்கு எப்படி வந்திய?”

“வள்ளத்திலெ.”

“அப்போ யாத்திரை சௌகரியம் உண்டு.”

“வேனல்லெ நடந்து வருவோம்.”

“அப்போ வழியும் உண்டு.”

அந்த வாதத்தில் குறை தேடினேன். அது முழுவதும் பிழையாக இருந்ததால், தனியே சுட்டிக்காட்டத்தக்க குறை ஒன்றும் அகப்படவில்லை.

“சாரு ஒருக்கா வாங்க,” என்றார் லீலாபாய். “கரிமீன் பொரிச்சு வைக்கேன். வரல்லெண்ணா மேல உள்ள ஆப்பீசருட்டெ பெட்டிசன் குடுப்போம். ரெண்டிலெ எது வேணும்ணு சாரே சொல்லுங்க.”

எது சுற்றறிக்கையைத் தளர்த்தியது என்று எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை கோலப்பன் கீழ்த்துறைக் கரைக்கு வந்தார்; நானும் லீலாபாயும் அங்கே காத்திருந்தோம்.

மழை சற்று ஓய்ந்திருந்தது. பொழி அகலத் திறந்து கிடந்தது. செம்மண் கலங்கிய ஆறு கடலைத் தள்ள, கடல் ஆற்றைத் திருப்பித் தள்ள, இரண்டும் மோதுமிடத்தில் தண்ணீர் செங்குத்தாக எழுந்து விழுந்தது. ஆட்களை அக்கரை சேர்க்கும் கடத்துக்காரர் தாசையன் வள்ளத்தைக் கரையோடு அணைத்துப் பிடித்தார்.

“கயறுங்க சார். நடுவிலெ கொஞ்சம் ஆடும். பேடிக்காண்டாம்.”

கோலப்பன் ஒரு காலை வள்ளத்தில் வைத்தார். வள்ளம் சாய்ந்தது. காலை எடுத்துவிட்டார்.

“வேண்டாம். இங்கேருந்தே பாத்தாப் போரும்.”

“இங்கேருந்து பாத்தா பள்ளிக்கூடம் தெரியாதே சார்,” என்றார் லீலாபாய்.

“எனக்கு நீச்சல் அறியாது.”

“எனக்க மவளுக்கும் அறியாது.”

“எனக்கு ரெண்டு பிள்ளையள் உண்டும்மா.”

“எனக்கு ஒண்ணுதான்.”

தாசையன் துடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசியிருந்தால் கெடுத்திருப்பேன்.

கோலப்பன் கரையிலிருந்த தேநீர்க் கடைக்குள் போய் அமர்ந்தார். பையிலிருந்து தாளை எடுத்து, கடைக்காரரைக் கொண்டு மேசையைத் துடைக்கச் செய்து, நெடுநேரம் எழுதினார். அலுவலக மொழியான மலையாளத்தில் எழுதியதை எங்களுக்குத் தமிழில் சொன்னார். பொழி திறந்திருக்கும் நாட்களில் மேற்படி பள்ளி தனித்து இயங்கும். பொழி அடைபட்டிருக்கும் நாட்களில் அது கீழ்த்துறைப் பள்ளியோடு இணைக்கப்பட்டதாகக் கருதப்படும்.

“ஒரு பள்ளிக்கூடம் எப்படி ஸார் வருஷத்துலே பாதி இருக்கும், பாதி இருக்காது?” என்றேன்.

“ஊரு அப்படித்தானே வே? மூணு மட்டம் எழுதித் தந்தது நீருதானே?”

நான் எழுதியதை அவர் படித்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

“பொழி என்னிக்கு அடையறதுன்னு யார் சொல்றது?”

“தலைமையாசிரியர் சாட்சியப்படுத்தணும். அதையும் எழுதியாச்சு.”

“அப்போ வருகைப் பதிவேடு? சத்துணவு அரிசி? நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார்?”

“சாரே, மிண்டாம இரிங்க,” என்று என்னை அடக்கினார் லீலாபாய். “மழையத்துப் பிள்ளையள் வள்ளத்திலெ கயற வேண்டாம்லா? அது போரும்.”

“வேனல்லே?”

“வேனல்லெ அதுக எப்பவும் கீழ்த்துறையிலெதான் பந்து களிக்குதுவ. புஸ்தகத்தையும் கொண்டு போவட்டும்.”

எனக்கு இன்னும் நான்கு ஆட்சேபங்கள் இருந்தன. நான்கும் நியாயமானவை. ஆற்றைப் பார்த்தேன், அவற்றை விழுங்கிக்கொண்டேன்.

கோலப்பன் தாளின் அடியில் ஒப்பமிட்டு, தேதி எழுதி, மை உலரும்வரை ஊதினார். நான் கையை நீட்டினேன். அவர் என்னைக் கடந்து எட்டி, அதை லீலாபாயிடம் கொடுத்தார்.