முள் இறங்கிய காலை

விமானத்தளத்தில் ஏழாம் நம்பர் போர் விமானத்தைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் 'சந்தேகம்'. இறுக்கிய திருகையே இன்னொரு தரம் இறுக்குவான். பெட்ரோல் தொட்டியை மூடிவிட்டுப் பத்தடி போனவன், திரும்பி வந்து மூடியைத் தொட்டுப் பார்ப்பான். விமானிகள் கேலி செய்தார்கள். ஆனால் அவன் கையெழுத்துப் போட்ட விமானத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஏறினார்கள்.

ஏழாம் நம்பரை ஓட்டியது அவனுடைய தங்கை புருஷன். "உங்க தங்கச்சியைக் கட்டினதே என் என்ஜினை ஒழுங்காப் பாப்பீங்கன்னுதான், மச்சான்," என்பான் மாப்பிள்ளை. தங்கை தளத்தின் சலவைக்கூடத்தில் சீருடைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஏழு மாதம்.

அன்று விடிந்து சற்று நேரத்தில் ஐந்து விமானங்கள் உடனே கிளம்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. மெக்கானிக் என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தான். சத்தம் சுத்தமாக இருந்தது. ஆனால் ஆயில் பிரஷர் மீட்டரின் முள் மெல்லச் சரிந்து பாதிக்கும் கீழே போய் நின்றது.

"இது இன்னிக்குப் பறக்காது, மாப்பிள்ளை."

"சத்தம் நல்லாத்தானே இருக்கு?"

"முள்ளு எறங்குது. கடலுக்கு மேல என்ஜின் இறுகிப்போச்சுன்னா என்ன பண்ணுவீங்க? நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

மாப்பிள்ளை வாதாடவில்லை. கொட்டகையின் ஓரத்தில் மாற்று விமானம் ஒன்று நின்றது. ரொம்பப் பழசு, ஓடுகிற வரைக்கும் ஓட்டலாம் என்று வைத்திருந்தார்கள். அதில் ஏறிப் போனான்.

பத்து மணிக்கு நான்கு விமானங்கள் திரும்பின.

"மேகத்துக்கு மேல ஏறினாத் தப்பிச்சிருக்கலாம்," என்றான் உடன் போன விமானி. தலையில் மாட்டியிருந்த தோல் தொப்பியைக் கழற்றக்கூட இல்லை. "நாங்க ஏறிட்டோம். அந்தக் கிழட்டு வண்டியால முடியல. பின்தங்கிட்டான். அவனை மட்டும் சுத்தி வளைச்சுட்டானுங்க."

தங்கை அழுது ஓய்ந்தபின் சொன்ன முதல் வார்த்தை அண்ணனுக்கான ஆறுதலாக இருந்தது. "நீ மனசைப் போட்டு ஒழப்பிக்காதே, அண்ணா. கோளாறுன்னு தெரிஞ்சும் விட்டிருந்தா அவர் உன் கையாலேயே போயிருப்பாரு. அந்தப் பாவமாவது உனக்கு வரல."

அவன் தலையாட்டினான்.

மறுநாள் ஏழாம் நம்பரின் என்ஜினைப் பிரித்தான். எண்ணெய்ப் பம்பு, குழாய்கள், வடிகட்டி என்று ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் பரப்பினான். எதிலும் ஒரு கீறல் இல்லை. கடைசியில் வேறு விமானத்தின் மீட்டரைக் கொண்டுவந்து மாட்டி ஓட்டினான். முள் அசையாமல் நின்றது. என்ஜின் முழு ஆரோக்கியமாக இருந்தது. மீட்டர்தான் பொய் சொல்லியிருக்கிறது.

பணிமனை அதிகாரி நல்ல மனிதர். "முள்ளு எறங்கினா நிறுத்தணும். அதுதான் விதி. உன் எடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். இதைப் போய் அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? விட்டுடு."

இரண்டு நாள் விட்டுப் பார்த்தான். தங்கை தினமும் அவனைத் தேடி வந்து, "சாப்பிட்டியா அண்ணா?" என்று கேட்டாள். அவனுடைய சட்டைப் பித்தானைத் தைத்துக்கொடுத்தாள். அவள் ஆறுதல் சொல்லச் சொல்ல அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சலவைக்கூடத்துக்குப் போய், ஆவி பறக்கும் அந்த அறையில் நின்றபடியே சொல்லிவிட்டான்.

"என்ஜின்ல ஒண்ணும் இல்லம்மா. மீட்டர்தான் கெட்டுப்போயிருந்துது. அவர் ஏழாம் நம்பர்லயே போயிருக்கலாம்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். விரித்திருந்த சட்டையின் கையை மடித்தாள். மறு கையையும் மடித்தாள்.

"நீங்க போங்க," என்றாள்.

பிறந்ததிலிருந்து அவனை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அந்த 'நீங்க' கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

அந்த வாரமே புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். பெண் குழந்தை பிறந்த செய்தி அவனுக்கு மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்தது. போர் முடிந்தது. ஓடுபாதையின் விரிசல்களில் புல் முளைத்தது. அவன் ஊர்ப் பேருந்துப் பணிமனையில் சேர்ந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

குழந்தைக்கு ஐந்து வயதானபோது ஒரு மத்தியானம் வாசலில் தங்கை நின்றாள், ஒரு கையில் பெட்டி, மறு கையில் குழந்தையின் விரல். மாமியார் செத்துப்போயிருந்தாள்; வீட்டைக் கொழுந்தன் எடுத்துக்கொண்டான்.

"மனசு ஆறிடுச்சுன்னு வரல. போக்கிடம் இல்லாம வந்திருக்கேன்."

"உள்ள வாம்மா," என்றான். பெட்டியை வாங்கிக்கொண்டான்.

இருபத்தாறு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அவனுக்கு ஒரு வேளைச் சோறு தாமதமானதில்லை. குழந்தை மாமா மாமா என்று அவன் தோளிலேயே வளர்ந்தது. அவன்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனான், அவன்தான் கட்டிக்கொடுத்தான். தங்கை அவனோடு சண்டை போடவில்லை, சிரிக்கவுமில்லை. 'அண்ணா' என்ற சொல் அந்த வீட்டில் ஒருநாளும் கேட்கவில்லை.

அவன் படுத்த படுக்கையானபின், துடைப்பதும் புரட்டுவதும் அவள்தான். ஒரு சாயங்காலம் கேட்டான்.

"அன்னிக்கு நான் சொல்லாம இருந்திருக்கலாமோ?"

அவள் பால் டம்ளரை ஜன்னல் ஓரம் வைத்தாள்.

"எனக்கும் தெரியல," என்றாள். பிறகு அவன் முதுகுக்குக் கீழே கை கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்தாள். "பால் ஆறுது. குடிங்க."