சிக்னலுக்கு மேலே ஒரு படுக்கையறை

மூன்றாவது முறையும் அறுவை சிகிச்சை தள்ளிப்போனது. ஃபோல்க்மாருக்கு முழங்கால் மூட்டை மாற்ற நாள் குறிப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், அழற்சி அதிகம் என்று திருப்பி அனுப்புவார்கள். பல், சிறுநீர், நுரையீரல் எல்லாம் பார்த்தாகிவிட்டது. எங்கும் கிருமி இல்லை. சர்க்கரை பழைய கதை, அதுவும் கட்டுக்குள்தான் இருந்தது.

"உங்க படுக்கையறை எந்தப் பக்கம்?" என்று மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவு நர்ஸ் அன்னிகா கேட்டாள்.

"ரோட்டுப் பக்கம். ஜன்னலுக்குக் கீழேயே சிக்னல்."

"காலையில திறப்பீங்களா?"

"என் மனைவி திறப்பா. வண்டி எல்லாம் வரிசைகட்டி நிக்கிற நேரத்துல."

ஜெர்மனியில் இருக்கும் ஷ்டுட்கார்ட் ஒரு பள்ளத்தில் கிடக்கிற ஊர். குளிர்காலத்தில் காற்று அசையாமல் நின்றுவிடும். வாகனப் புகையில் உள்ள நுண்துகள்கள் ரத்தத்தில் அழற்சியை ஏற்றக்கூடும், சர்க்கரை உள்ளவர்களிடம் அது கூடுதலாக ஏறுவதாகச் சில ஆய்வுகளில் தெரிகிறது என்றாள் அன்னிகா.

"உங்களுக்கும் அதுதான் காரணம்னு சொல்ல முடியாது. நெரிசல் நேரத்துல மட்டும் மூடி வெச்சுப் பாருங்களேன்."

வீட்டில் அவர் மனைவி ஹைட்ருன் இறகு அடைத்த போர்வையை ஜன்னல் விளிம்பில் தொங்கவிட்டு, கையால் அடித்துக்கொண்டிருந்தார். கீழே ஒரு லாரி உறுமிக்கொண்டு நின்றது. அந்தப் போர்வையைத்தான் இரவில் ஃபோல்க்மார் முகம்வரை இழுத்துப் போர்த்திக்கொள்வார்.

"அதை உள்ள எடு."

"காத்தாடட்டும்."

"அது காத்து இல்ல. டீசல்."

அன்னிகா சொன்னதை ஃபோல்க்மார் சொன்னார். ஹைட்ருன் அடிப்பதை நிறுத்தவில்லை.

"இத்தனை வருஷமா சாஸேஜும் பீருமா உள்ள தள்ளின. இப்ப என் ஜன்னல்தான் உன்னைக் கெடுத்துச்சா?"

"எனக்கு ஆபரேஷன் நடக்கணும், ஹைட்ருன். மாடிப்படி ஏற முடியல."

"மூடியே வெச்சு சுவத்துல ஈரமேறிப் பூஞ்சை வந்தா, வீட்டுக்காரன் செலவை நம்ம தலையிலதான் கட்டுவான். தினமும் ரெண்டு தடவை திறக்கணும்னு வாடகை ஒப்பந்தத்துலயே போட்டிருக்கான்."

"மத்தியானம் திற."

"ராத்திரி பூரா நீ விட்ட மூச்சுல மத்தியானம் வரைக்கும் நான் கிடக்கணுமா?"

மறுநாள் காலை ஃபோல்க்மார் மூடினார், ஹைட்ருன் திறந்தார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். போர்வையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் தையல் விட்டு, இறகுகள் தெருவில் பறந்தன. சைக்கிளில் நின்ற ஒருவன் மேலே பார்த்துத் திட்டினான். அன்று மாலை ஃபோல்க்மார் ஜன்னலின் கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"திருடன் மாதிரி," என்றார் ஹைட்ருன். "சரி. உன் நாத்தத்துல நீயே படு."

முற்றத்தைப் பார்த்த சமையலறை பெஞ்சுக்கு ஹைட்ருன் தன் தலையணையை எடுத்துப் போனார். அதன்பின் பேச்சு உப்பு, சாவி, குப்பை என்பதோடு நின்றது. மத்தியானத்தில் ஃபோல்க்மாரே கைப்பிடியை மாட்டி, கொஞ்ச நேரம் திறந்து மூடுவார். ஆனாலும் அலமாரிக்குப் பின்னால் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. ஹைட்ருன் அதைப் போனில் படம் எடுத்து, அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் அழற்சி இறங்கியிருந்தது. அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்தார்கள்.

"ஜன்னல்தான்," என்றார் ஃபோல்க்மார்.

"இருக்கலாம்," என்றாள் அன்னிகா. "இந்த மாசம் மழையும் அதிகம், காத்தும் அதிகம். ஊர்ப்புகையே கலைஞ்சுபோச்சு. எதுன்னு எனக்குத் தெரியாது."

வீட்டில் அவர் ஜன்னலாக இருக்கலாம் என்ற முதல் பாதியை மட்டும் சொன்னார்.

"வேற ஒண்ணும் சொல்லலையா?" ஹைட்ருன் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டார்.

"இல்ல."

"மழையைப் பத்திகூட?"

ஃபோல்க்மார் சட்டைப்பையில் இருந்த கைப்பிடியைத் தடவினார்.

"நானும் போன் பண்ணிக் கேட்டேன். அந்தப் பொண்ணு உன்னைப் பத்தி ஒண்ணும் பேச மாட்டேன்னுட்டா. பொதுவா மழையைப் பத்தி மட்டும் சொன்னா. உன்னைவிட நேர்மையா இருக்கா."

"எதுவா இருந்தா என்ன? இறங்கிடுச்சு."

"இறங்கிடுச்சு. கால் சரியானதும் வேற வீடு பாத்துக்கோ. நல்ல காத்து வர்ற வீடா."

கிண்டல்தான் என்று நினைத்து அவர் நிமிர்ந்து பார்த்தார். ஹைட்ருன் தோலை ஒரே சுருளாக இறக்கிக்கொண்டிருந்தார், முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிட்டுப் போவா?"

"டாக்ஸி கூப்பிடு," என்றார் ஹைட்ருன். "ஓட்டுறவன்கிட்ட ஜன்னலை மூடச் சொல்லு."