வேகாத பூண்டு

வேம்புலியம்மாள் கரித்துணியால் பிடித்துக் குழம்புச் சட்டியைத் தூக்கியபோது, பானுப்பிரியா குழந்தையைத் தோளில் போட்டபடி சமையலறை வாசலை மறித்து நின்றாள்.

முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் அப்பா உலகநாதன் கிடந்தார். விடிவதற்குள் மகளுக்குச் சோறு வடித்து, பூண்டுக் குழம்பு வைத்து இறக்கிவிட்டுப் பால் வாங்கப் போனவர், கோவில்பதாகைத் தெருமுனையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை.

பச்சை உடம்புக்காரி பிணத்தருகே வரக் கூடாதென்று பானுவைப் பின்னறைக்கு அனுப்பியவள் அவளுடைய மாமியார் வேம்புலியம்மாள். அதன்பிறகு பானுவுக்கு ஒரு வாய் சோறு போட வேண்டுமென்று அங்கே மாரடித்துக்கொண்டிருந்த ஒருத்திக்கும் தோன்றவில்லை. கேனில் டீ மட்டும் வந்தபடி இருந்தது. ஊறாத முலையைச் சப்பிச் சப்பிக் குழந்தை அழுது ஓய்ந்திருந்தது.

தலைப்பிரசவம் தாய்வீட்டுக் கடமை என்று அவளை இங்கே இறக்கிவிட்டுப் போனவளும் அதே மாமியார்தான். தாய் இல்லாத வீடு என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அம்பத்தூரில் லேத் ஓட்டிய உலகநாதன் பூந்தமல்லிச் சந்தையில் பால்சுறா கேட்டார். கேட்டுச் சிரித்த மீன்காரிகளிடமே புட்டு செய்யும் விதத்தையும் கேட்டு வந்தார். பார்க்க வரும்போதெல்லாம், ஆம்பளை ஆக்கும் பத்தியத்தில் பால் ஊறுமா என்று வேம்புலியம்மாள் அவர் முகத்துக்கு நேராகவே கேட்பாள். கேட்டுவிட்டு இரண்டாம் முறை சோறு வாங்குவாள். கிளம்பும்போது டப்பாவை நீட்டுவாள்.

பூண்டு மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. தினமும் கதவருகே வந்து நின்று, "வெந்துச்சாம்மா?" என்பார். பானு கடித்த பூண்டைத் தட்டோரம் ஒதுக்கிக் காட்டுவாள். நாளைக்குப் பார் என்று சொல்லிவிட்டுப் போவார்.

"அத எட்த்துகினு எங்க போறீங்க அத்தே?"

"சாக்கடைல ஊத்தத்தான். சாவு ஊட்ல ஆக்கினத வெச்சிக்கக் கூடாது. தீட்டு."

"ஆக்கறப்ப அவரு உயிரோடதான் இருந்தாரு."

"கொழந்தைக்கு ஆவாதுடீ. சொன்னா கேளு."

"பட்டினி மட்டும் ஆவுமா? டப்பா எட்த்தாந்தீங்களா இன்னிக்கி? ஒங்களுக்கும் ஊத்தித் தரேன்."

முன்னறையில் ஒப்பாரி சட்டென்று தணிந்தது. வேம்புலியம்மாள் சட்டியை மேடைமேல் வைத்தாள். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பெட்டியருகே போய், விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள்.

பானு தரையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் கிடத்தினாள். சோறு ஆறியிருந்தது. குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். வெளியே மேளக்காரர்கள் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பூண்டைக் கடித்தாள். நாக்கில் பட்டதும் கரைந்தது.

கதவுப் பக்கம் திரும்பினாள். அங்கே அவள் கணவன் ஜீவா போனைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தான்.

"இன்னா பாக்குற?"

"ஒண்ணுமில்ல."

அடுத்த பூண்டை எடுத்தாள்.