நரிக்கு நாற்பது எடை

…நாற்பது, பாலைநிலத்து நரிக்கு நாற்பது எடை போட்டிருக்கிறாள் இந்த ரிஹாப், வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, நௌஃபல் தன் சர்வரையே திறந்து கையில் கொடுத்துவிட்டான், இரண்டு வருடமாக இந்த விளையாட்டு உலகில் எந்த நிலத்தில் எந்த உயிர் தானாகத் தோன்ற வேண்டும் என்று பட்டியலும் எடையும் எழுதிவந்தவன் யார், ஸ்கந்தர்தானே, கடலுக்குச் சுறா, கரைக்கு ஆமை, ஒருநாளாவது யாராவது நின்று பார்த்தார்களா, இப்போது நரி வந்ததும் அத்தனை பேரும் மணலிலேயே கிடக்கிறார்கள். ஹெட்போனில் நௌஃபலின் சிரிப்பு. "டேய் ஸ்கந்தர், வந்து பாருடா, காதை எப்படி ஆட்டுது! உன் கடல்ல என்ன இருக்கு? ஸ்ஃபாக்ஸ்காரன் கஞ்சப் புத்திடா, மீனைக்கூட எண்ணி எண்ணித்தான் விடுவ." எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், தூஸ் ஊர்க்காரி, வாசலைத் தாண்டினால் மணல், நரியின் காது அவளுக்குத் தெரியாமலா… ஏன், ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்தில் வளர்ந்த எனக்குக் கடல் தெரியாதா?

அடுப்படியிலிருந்து அம்மா மிளகாய் பொரிக்கும் நெடி வந்தது, சாப்பிடக் கூப்பிடுவாள், அதற்குள் முடித்துவிடலாம், நாற்பதில் பூஜ்யத்தை மட்டும் எடுத்தால் நான்கு, விரல் தவறிவிட்டது என்பார்கள், நரி அரிதாகிவிடும், மணல் காலியாகிவிடும்… அழித்தான், சேமித்தான், விளையாட்டுக்குள் மணலில் போய் நின்றான். நரி வந்தது. பின்னாலேயே இன்னொன்று, அதே கூட்டம், ஏன்? பட்டியலை மறுபடி திறந்த பிறகுதான் உறைத்தது, எடை என்பது எண்ணிக்கை அல்லவே, பங்கு, புதியவர்களுக்கு அவனே எத்தனை முறை சொல்லியிருக்கிறான், ஓர் உயிரை உண்டாக்கும் முன் உலகம் சீட்டுக் குலுக்குகிறது, நரிக்கு நாற்பது சீட்டு, முயலுக்குப் பத்து என்றால் ஐந்துக்கு நான்கு முறை நரி வரும், ஆனால் பட்டியலில் இருந்த முயலை அவள் தூக்கிவிட்டாளே, பெட்டியில் நரி மட்டும்தான், நாற்பது சீட்டும் நரி, நான்கு சீட்டும் நரி, ஒன்றே ஒன்று கிடந்தாலும் நரிதான், எரிச்சலில் இதுகூடவா மறந்துபோகும்…

"கடல்காரரே, இருக்கீங்களா?" ரிஹாபின் குரல். "நரி மட்டும் சலிப்பா இருக்கு. பக்கத்துல ஒரு உடும்பு விடலாம்னு பாக்குறேன். உங்க ஆமை மாதிரி நடக்க வைக்க எனக்கு வரல. நீங்களே செஞ்சு, எடையையும் எழுதிடுங்களேன்."

"அவன்கிட்டயா கேக்குற? ஒண்ணுதான் விடுவான், அதையும் சாயங்காலம் திருப்பிக் கேப்பான்" என்றான் நௌஃபல்.

ஆமையைப் பார்த்திருக்கிறாள், நடையைக் கவனித்திருக்கிறாள், அப்படியானால்… இல்லை, சும்மா சொல்கிறாள், சும்மா சொல்பவளுக்கு ஆமையின் நடை எப்படித் தெரியும்? உடும்பு என்று எழுதினான், எழுதியதும் அந்த நான்குக்கு உயிர் வந்துவிட்டது, இப்போது உடும்புக்கு நாற்பது போட்டால் பதினொன்றில் பத்து முறை அவனுடையதுதான் வரும், நரி ஏன் குறைந்தது என்று யாருக்கும் தெரியாது, அவளே அல்லவா எழுதச் சொன்னாள். நான்குக்குப் பின்னால் பூஜ்யத்தைத் திரும்ப வைத்தான், சேமித்தான். "ஸ்கந்தர், ஆறிப்போகுதுடா!" என்றாள் அம்மா. இனி உடும்புக்கு, எவ்வளவு, பத்தா, நாற்பதேவா, அதற்கும் மேலா… சுறாவுக்கு யோசிக்காமல் நூறு போட்டிருந்தான், ஆமைக்கும் நூறு, அந்தப் பட்டியல்களில் வேறு பெயரே கிடையாது, அப்படியென்றால் அந்த நூறுக்கும் வெறும் ஒன்றுக்கும்…