எதிர்ச்சரிவை எட்டும் லென்ஸ்

நிறுவைக் கொட்டகைக்கு வெளியே கொழுந்து லாரியை நிறுத்திவிட்டு, சகாயம் ஸ்டியரிங்கின் மேல் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்கள் வெட்டும் தேயிலைக் கொழுந்து சாக்கு சாக்காக வந்து, எடை போட்டு, லாரியில் ஏறி முடியும்வரை அவன் அங்கேதான் கிடக்க வேண்டும். இறங்கி நாலு எட்டு நடந்தால் போதும், பீல்டு ஆபீசர் அருள்குமாருக்கு மூக்கு வியர்த்துவிடும். அதனால் காத்திருக்கிற பொழுதையெல்லாம் கேமராக்களுக்கு எழுதிவைத்துவிட்டான்.

போனில் ஒருவன் உள்ளங்கையளவு கேமராவைத் தூக்கிக் காட்டி, மிர்ரர்லெஸ் கேமராக்களிலேயே இதுதான் கையடக்கம் என்று சொல்லப்போய், வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துபோனான். மறையூருக்கு மேலே அந்த எஸ்டேட்டில் சிக்னல் கோபித்துக்கொண்ட மருமகன் மாதிரி, நினைத்தால் வரும். சென்சார் பெரிதாக இருந்தால் என்ன லாபம், கை நடுங்கினாலும் படம் நடுங்காமலிருக்க எது வேண்டும், வீடியோ ஓடும்போது எந்த கேமரா சூடாகி நின்றுபோகும் என்பதெல்லாம் சகாயத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். விலையைச் சொல்லும் இடம் வந்தால் மட்டும் விரலால் தள்ளிவிடுவான்.

இதில் சம்பாதிக்கும் எண்ணமெல்லாம் அவனுக்கு இல்லை. வேலை முடிந்தால் சிலருக்குச் சீட்டு, சிலருக்குக் குப்பி, அவனுக்கு வீடியோ. மேகம் மலையிறங்குவதையும், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்து வாசலில் கோழிகள் சண்டை போடுவதையும் போனில் பிடித்து, பாட்டு சேர்த்து யூடியூபில் போடுவான். பார்க்கிறவர்களில் பாதிப்பேர் அதே எஸ்டேட்டுக்காரர்கள். கொட்டகைக்கு எதிரே இருக்கும் சரிவில் அவன் மனைவி ஜோமோள் கொழுந்து வெட்டுவாள். அதையும் எடுத்திருக்கிறான். போனில் அந்தப் பெண்கள் பச்சையில் தெளித்த கலர்ப்பொட்டுகளாகத்தான் விழுந்தார்கள்.

"இதுல நான் எந்தப் புள்ளிங்க?" என்று ஜோமோள் கேட்டுச் சிரித்தாள்.

அந்தக் கேள்வி அவனுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. போனஸ் வந்த அன்று, அவன் வாயைத் திறக்குமுன் அவளே சொல்லிவிட்டாள். "போங்க, போய் வாங்கிட்டு வாங்க. நீங்க அந்தப் போன முறைச்சுப் பாக்குறத என்னால பாக்க முடியல."

புதியது கட்டுப்படியாகாது. எருத்தேன்பதியில் கல்யாண வீடியோ எடுக்கும் சிவப்பிரகாஷ் என்பவர் புதுக் கேமரா வாங்கிவிட்டு, பழையவை இரண்டைக் கழித்துக்கட்டப் போகிறார் என்று போனிலேயே விசாரித்து வைத்திருந்தான். உடுமலைக்கு ஒரு பஸ், பொள்ளாச்சிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று என்று மாறி மாறிப் போய் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு.

"வாங்க, வாங்க. மறையூருங்களா? அத்தன தூரத்துல இருந்தா இதுக்குன்னு வந்தீங்க?" என்று சிவப்பிரகாஷ் மோர் கொடுத்தார். பிறகு இரண்டு கேமராக்களையும் கட்டிலில் துண்டு விரித்து வைத்தார்.

"இது சின்னதுங்க. சட்டைப் பையில கூடப் போட்டுக்கலாம். ஸ்கிரீனத் திருப்பி உங்க மூஞ்சிய நீங்களே பாத்துட்டுப் பேசலாம். இப்ப பசங்கெல்லாம் இதத்தானுங்க கேக்கறாங்க. அது கொஞ்சம் பழசு. வெளிச்சங் கொறஞ்சா படம் புள்ளி புள்ளியாப் பொரிஞ்சாப்புல இருக்கும், பேட்டரியும் சீக்கிரம் எறங்கிரும். ஆனா லென்ஸு பாருங்க. மண்டபத்துக் கடைசீல நின்னுட்டுத் தாலி முடிச்சப் புடிப்பேனுங்க."

"ரெண்டும் என்ன வெல?"

"உங்களுக்கு ரெண்டும் ஒரே ரேட்டுதானுங்க. பொழுதுபோக்குக்குத்தானுங்களே? அப்பச் சின்னதையே எடுங்க. கழுத்து வலிச்சுதுன்னு அப்பறம் என்னையத் திட்டப்படாது."

சகாயம் சின்னதை எடுத்துப் பார்த்தான். அவன் மாதக்கணக்காகப் போனில் பார்த்து ஏங்கியது ஏறக்குறைய அதுதான். கைக்குப் பாந்தமாக இருந்தது. பிறகு பழையதைத் தூக்கி வாசலுக்கு வந்து தோப்பைப் பார்த்தான். லென்ஸின் வளையத்தைத் திருப்ப, தூரத்து வரப்பில் கட்டியிருந்த கன்றுக்குட்டி அப்படியே கண்முன் வந்து நின்றது. அதன் கண்ணோரம் மொய்த்த ஈக்களைக்கூட எண்ணிவிடலாம் போலிருந்தது.

"இதையே குடுங்க," என்றான். "எனக்கு வண்டிய விட்டு நகர முடியாது. எதுத்த மலைய நான் இருக்க எடத்துக்குக் கொண்டாரணும்."

"அப்ப இதுதானுங்க உங்களுக்குச் சரி," என்று சிவப்பிரகாஷும் ஒத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் முழுக்க மழைமூட்டம். பிறகு ஒரு காலை, கழுவிவிட்ட மாதிரி வெயில் வந்தது. சகாயம் லாரியின் கதவுக் கண்ணாடியை இறக்கி, பழைய போர்வையை மடித்து வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்தான். எதிர்ச்சரிவு கிட்டே வந்தது. ஜோமோளின் தலைத்துணியில் இருந்த பூ தெரிந்தது. அவள் கத்தரியைத் திறந்து மூடுவதும், கத்தரியோடு சேர்ந்த தட்டில் கொழுந்து குவிவதும், அதை அவள் தோளுக்கு மேலாக முதுகுச் சாக்கில் வீசுவதும் ஒரு தாளத்தில் நடந்துகொண்டிருந்தன. இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்தும் அவள் வேலை செய்யும் அழகை இப்படி அவன் பார்த்ததில்லை.

அவளுக்குப் பக்கத்து நிரையில், அடுத்த வரிசைச் செடிகளில், மூக்கம்மாள் நின்றாள். லயத்தில் சகாயத்தின் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். புருஷன் இல்லை, பிள்ளை ஜின்சனைக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த அவள் தங்கச்சி வளர்த்து, அவன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். போன மழைக்காலத்தில் மூக்கம்மாள் ஒற்றையடிப் பாதையில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்து கோணலாகக் கூடிவிட்டது. கத்தரியை அழுத்தி மூட அந்தக் கையால் முடியாது. ஆனால் ஆபீசில் சொன்னால் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். வேலை போனால் லயத்து வீடும் போகும். ஓய்வு பெறும் வயதுவரை எப்படியாவது ஒட்டிவிட்டால் பணிக்கொடையும் கையில் வரும். அதுவரை தினமும் குறித்த எடையைக் காட்டியாக வேண்டும். காட்டினால் முழுநாள் கூலிக்கு முழுப்பேர், குறைந்தால் பாதிக் கூலிக்கு அரைப்பேர், அரைப்பேர் தொடர்ந்து விழுந்தால் ஆபீசுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அதற்கு அந்த மலையில் ஒரு வழி இருந்தது. கைக்கொழுந்து என்பார்கள். யாருக்கு முடியவில்லையோ, வயிற்றுப்பிள்ளைக்காரியோ, காய்ச்சல்காரியோ, அவள் சாக்கில் பக்கத்து நிரைக்காரி நாலு வீச்சு போட்டுவிட்டுப் போவாள். கூடுதல் எடைக்குத் தனக்குக் கிடைக்கிற காசு குறையும் என்று எவளும் கணக்குப் பார்க்க மாட்டாள். ஜோமோளுக்குப் பெண் பிறக்கும் முன்பு மாதக்கணக்கில் கைக்கொழுந்து போட்டவள் மூக்கம்மாள்தான்.

அன்றைக்கு ஜோமோள் கத்தரித் தட்டு நிறைந்ததும் தன் தோளுக்கு வீசாமல், எட்டி மூக்கம்மாளின் சாக்கில் வீசினாள். கொழுந்து வெயிலில் பறந்து விழுந்தது. மூக்கம்மாள் திரும்பி என்னவோ சொல்ல, இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சகாயம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தான். மழையையும் மேகத்தையும் எடுத்த கைக்கு முதல்தடவையாக இரண்டு முகங்கள் கிடைத்தன. வீட்டில் அந்த இடத்தை மெதுவாக ஓடவிட்டு, அதையே வீடியோவுக்கு முகப்புப் படமாகவும் வைத்தான். அதில் மறைக்க ஏதாவது இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. பார்த்த ஜோமோளுக்கும் தோன்றவில்லை.

லயமே பார்த்தது. மூக்கம்மாள் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், "எம்மாடி, என் மூக்குத்தி கூட மின்னுதே சகாயம்," என்றாள். போனிலிருந்து போனுக்குத் தாவி அது மூணாறு வரை போனது. அருள்குமாரே லாரிப்பக்கம் வந்து முதுகில் தட்டினார். "சினிமாக்காரன் தோத்தான் போ."

அதே அருள்குமார் அடுத்த திங்கட்கிழமை அவனை ஆபீசுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"ஏன் சகாயம், போடுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒருவாட்டி காட்டியிருக்கக் கூடாதா? அந்த எடத்த மட்டும் வெட்டச் சொல்லியிருப்பேன்ல."

"எந்த எடத்த சார்?"

"கைக்கொழுந்து போடுறது. மேனேஜர் சார் பாத்துட்டாரு. மேல இருக்கவங்களுக்கும் போயிருச்சு. எடையில திருட்டுங்குறாங்க."

சகாயத்துக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "திருட்டா? கொழுந்து கம்பெனி லாரியிலதான சார் ஏறுது? நான்தான ஓட்டிட்டுப் போறேன்?"

"எனக்குத் தெரியாதா? எங்கம்மாவும் இதே மலையில கொழுந்தெடுத்தவதான். கண்டும் காணாம இருந்தேன். இப்பக் காணலன்னு எப்படிச் சொல்ல? மூஞ்சி தெரியுது, கை தெரியுது, எந்த நிரைங்கிறது கூடத் தெரியுது. பழைய போன்ல எடுத்திருந்தீன்னா யாரோ எவளோன்னு விட்டிருப்பாங்க."

சகாயம் அங்கேயே நின்று வீடியோவை அழித்தான். அழித்து என்ன செய்ய, அது ஊர்ப்பட்ட போன்களில் ஓடிக்கொண்டிருந்தது. தொழிற்சங்கத்து ஆளைப் போய்ப் பார்த்தான். அவர், "வாய்ப்பேச்சா இருந்தா நான் பேசிருவேன். கண்ணு முன்னால ஓடுறத இல்லன்னு எப்படிச் சாதிக்க?" என்று கையை விரித்தார்.

ஜோமோளுக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். இனி சின்னப் புகார் வந்தாலும் வேலை இல்லை என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவள் பேரில்தான் சகாயத்தின் வீடும் இருந்தது. அவன் வெறும் தற்காலிக டிரைவர். மூக்கம்மாளுக்கு வேறு மாதிரித் தீர்ப்பு. ஒரு வாரம் அவள் தனியாக வெட்ட வேண்டும், குறித்த எடை வந்தால் பிழைத்தாள்.

அன்று சாயங்காலம் ஜோமோள் கேமராப் பையை எடுத்துப் பரணில் வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"அந்தச் சின்னத வாங்கியிருக்கலாம்," என்றான் அவன்.

"வாங்கியிருந்தா கோழியத்தான் எடுத்திருப்பீங்க," என்றாள். பிறகு சுவரைப் பார்த்து, "அக்கா இன்னைக்கு அடுப்பே பத்த வைக்கல. இந்தச் சோத்தக் கொண்டு போய்க் குடுங்க," என்றாள்.

மூக்கம்மாள் சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் கையை எடுத்துச் சேலைக்குள் மறைத்தாள். அவனால் வாசற்படியைத் தாண்ட முடியவில்லை.

"அக்கா, நான் வேணும்னு..."

"கோட்டி பிடிச்சவனே, எனக்குத் தெரியாதா? உள்ள வா," என்றாள். "தனியா வெட்டுனா வெட்டிட்டுப் போறேன். எத்தன வருசம் வெட்டுன கை."

மறுநாள் காலை மற்றப் பெண்களை மேட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். எதிர்ச்சரிவில் மூக்கம்மாள் ஒருத்தி மட்டும் நின்றாள். சகாயம் லாரியை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். அருள்குமார் வந்து கதவில் கை வைத்தார்.

"கேமரா கொண்டாரலையா?"

"இல்ல சார். இனி அதத் தொடுறதா இல்ல."

"போய் எடுத்துட்டு வா. வண்டிய நான் பாத்துக்கிறேன்." அவர் அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "அவ வெட்டுறத ஒரு வாரமும் எடுக்கணுமாம். யாரும் கைக்கொழுந்து போடலங்கிறதுக்கும், அவளால முடியலங்கிறதுக்கும் சாட்சி வேணுமாம். உன் கேமராவுலதான் நல்லா விழுதுன்னு மேனேஜர் சாரே சொன்னாரு."

"நான் மாட்டேன் சார்."

"ஜோமோள நெனச்சுப் பாத்துட்டுச் சொல்லு."

இத்தனை நாள் வண்டியை விட்டு நாலு எட்டு நகர விடாத மனுஷன், லயம்வரை போய்வர அனுமதி கொடுத்துவிட்டுக் கொட்டகை நிழலில் நின்றார். சகாயம் போனான். பரணிலிருந்து பையை எடுத்தான். திரும்பி வந்தான். போர்வையை மடித்துக் கதவில் போட்டு லென்ஸைச் சாய்த்தான்.

மூக்கம்மாள் இடுப்பை நிமிர்த்தி இந்தப் பக்கம் பார்த்தாள். லாரி ஜன்னலில் கேமராவைக் கண்டுகொண்டாள் போலிருக்கிறது. அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தலைத்துணியை அவிழ்த்து உதறி ஒழுங்காகக் கட்டிக்கொண்டாள். அவனுக்காகக் கத்தரியை உயர்த்திக் காட்டி, பல் தெரியச் சிரித்துவிட்டு, குனிந்து முன்னைவிட வேகமாக வெட்ட ஆரம்பித்தாள். கத்தரி பாதி மூடி நின்றது. இடது கையால் வலது கையைச் சேர்த்து அழுத்தினாள். தட்டில் ஒரு பிடிகூடச் சேரவில்லை.

"ஓடுதா?" என்று அருள்குமார் கேட்டார்.

"ஓடுது சார்."

"தூரமா இருக்கு பாரு. கையத் தெளிவாக் காட்டணும்னாங்க. இன்னுங் கொஞ்சம் கிட்டக் கொண்டு போ."

சகாயம் வளையத்தைத் திருப்பினான். சிரிப்பு திரையை விட்டு வெளியே போனது. வீங்கிக் கோணிய மணிக்கட்டு மட்டும் திரையை நிறைத்து, நடுங்கியபடி, கத்தரியை மூடப் பார்த்துக்கொண்டிருந்தது.